‘தி’ விழும் இடம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்க ஒரு வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள், மீதிப் பேர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கான கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், சிவப்புப் பேனா அதிகம் தட்டுவது ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் ‘தி’ என்ற குட்டிச் சொல்லில்தான். இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, இருக்கக் கூடாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

சின்னச் சொல்தானே, போகட்டும் என்று விட முடியாது. 1961-இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் சொற்களை எடுத்துத் தொகுத்த பிரவுன் தொகுப்பில் ‘தி’ மட்டும் 69,971 தடவை வருகிறது. நூறு சொல் எழுதினால் ஏழு ‘தி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு இடத்தில் சறுக்கினால் மற்ற தொண்ணூற்று மூன்றும் நன்றாக இருந்தும் படிப்பவருக்குத் தட்டும்.

பிழை வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு வேறு. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தாளில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதலாவதை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள், மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

அறிகுறி: ‘தி’ எங்குமே இல்லை

படிவம் நான்கு மாணவி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி பல வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். கட்டுரையின் நடுவில் இப்படி இருந்தது:

‘ஷீ டுக் நைஃப். ஷீ கட் பார்க். லேடெக்ஸ் கேம் அவுட். ஷீ போர்ட் லேடெக்ஸ் இன்டு பக்கெட். ஷீ கேரீட் பக்கெட் டு ஸ்டோர்.’

விஷயம் புரிகிறது. ஆனால் ஆங்கிலம் படித்துப் பழகியவருக்கு இது தந்தி மாதிரி கேட்கும். காரணம் சோம்பல் இல்லை. தமிழில் இப்படி ஒரு சொல் கிடையாது, மலாயிலும் கிடையாது, சீனத்திலும் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளை காலையிலிருந்து இரவு வரை கேட்கிற மொழி எதுவும் ‘தி’ கேட்பதில்லை. கோப்பிக்கடையில் பேசுகிற ஆங்கிலத்திலும் அது உதிர்ந்துவிடுகிறது. அந்தப் பேச்சை நான் குறை சொல்ல மாட்டேன், அங்கே அது போதும். பரீட்சைத் தாளுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் போதாது.

அன்றைக்கு அவளைக் கூட்டிப்போகப் பாட்டியே வந்திருந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம், “பாட்டி, மரம் எப்படி வெட்டுவீங்க, கொஞ்சம் சொல்லுங்க” என்றேன். “அதுல என்னா இருக்கு டீச்சர்? கத்திய எடுத்துக்குவேன். பட்டைய சீவுனா பால் வரும். மங்கு நெறஞ்சதும் பால வாளியில ஊத்துவேன். வாளிய தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போவேன்” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே வெள்ளைப் பலகையில் எழுதி, பேத்தியை வாசிக்கச் சொன்னேன். ‘பால் வரும்’ என்கிறார், பிறகு ‘பால ஊத்துவேன்’ என்கிறார். ‘வாளியில’ என்கிறார், பிறகு ‘வாளிய தூக்கி’ என்கிறார். பேச்சில் ‘பாலை’ என்பது ‘பால’ என்று தேய்ந்தாலும் ஐ உருபு உள்ளே இருக்கிறது. முதலில் வந்த பால் வெறும் பால், ஏதோ பால். அடுத்து வந்தது சற்று முன் மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில் நிறைந்த அதே பால், கேட்கிற உங்களுக்கும் அது எந்தப் பால் என்று தெரியும். அந்த ‘தெரியும்’ என்பதைத்தான் தமிழ் ஐ போட்டுக் காட்டுகிறது, ஆங்கிலம் ‘தி’ போட்டுக் காட்டுகிறது.

அதே கட்டுரையை அவளே திருத்தினாள். லேடெக்ஸ் கேம் அவுட்: அப்படியே இருக்கட்டும். ஷீ போர்ட் தி லேடெக்ஸ் இன்டு எ பக்கெட். ஷீ கேரீட் தி பக்கெட் டு தி ஸ்டோர். பட்டைக்கு ‘தி பார்க்’, மரத்தின் பட்டை என்பது தெரிந்ததுதான். கத்திக்கு மட்டும் ‘ஹெர் நைஃப்’ என்று போடச் சொன்னேன், பாட்டியின் சொந்தக் கத்தி அது.

ஸ்டோரிடம் வந்தபோது அவள் நின்றாள். ‘ஸ்டோருக்கு’ என்பதில் ஐ இல்லையே, ‘தி’ எப்படி வந்தது? நல்ல கேள்வி. ஐ உருபு செயப்படுபொருளில்தான் துணைக்கு வரும். மற்ற இடங்களில் வேறு சோதனை வேண்டும், அது இதைவிடச் சுலபம்: வாக்கியத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் ‘எது?’ என்று கேட்பாரா? பாட்டி ‘ஸ்டோருக்குப் போவேன்’ என்றபோது யாரும் ‘எந்த ஸ்டோர்?’ என்று கேட்கவில்லை. அவர் தோட்டத்தில் பால் நிறுப்பது ஒரே இடத்தில்தான். கேட்க மாட்டார் என்றால் ‘தி’. கேட்பார் என்றால் ‘ஏதோ ஒன்று’ என்று காட்டும் ‘எ’ அல்லது ‘ஆன்’, பன்மை என்றால் ஒன்றும் வேண்டாம்.

ஐ சோதனைக்கு இரண்டு எச்சரிக்கை. ஆள்களுக்கு இது பலிக்காது: ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்று தெரியாத பையனுக்கும் தமிழ் ஐ போடும். அப்புறம், பெயருக்கு முன் ‘ஒரு’ நின்றால் ஐ இருந்தாலும் ‘எ’ தான். அஃறிணைப் பொருள், ஐ உண்டு, ‘ஒரு’ இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் தைரியமாக ‘தி’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அறிகுறி: ‘தி’ வரும் இடமெல்லாம் ‘தேட்’ வருகிறது

‘ஐ குளோஸ்ட் தேட் டோர் அண்ட் ஸ்லெப்ட்.’ எந்தக் கதவை விரல் நீட்டிக் காட்டுகிறாய் என்று கேட்கத் தோன்றும். ‘தி என்றால் அந்த’ என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறேன். மலாயில் ‘இத்து’ பெயருக்குப் பின்னால் வந்து கிட்டத்தட்ட இந்த வேலையைச் செய்வதால் பழக்கம் இன்னும் இறுகிவிடுகிறது.

சொல்லிக் கொடுத்தவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இதற்கு மூன்று பால் உண்டு: ஆண்பாலுக்கு ‘செ’, பெண்பாலுக்கு ‘செயோ’, பால் சாராததற்கு இன்றைய ‘தேட்’ சொல்லின் மூதாதை. வேற்றுமைக்குத் தகுந்தாற்போல் ஒவ்வொன்றும் வடிவம் மாறும், நம் ‘அவன், அவனை, அவனுக்கு’ மாதிரி. மாறின வடிவங்களில் பெரும்பாலானவை ‘த’ ஒலியில் தொடங்கியதால், ‘செ’யும் அவற்றோடு ஒத்துப்போய் ‘தெ’ ஆனது. பிறகு பால் வேறுபாடும் வேற்றுமையும் உதிர்ந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே ‘தி’ மிஞ்சியது. ஒன்றன்பால் வடிவம் மட்டும் தனியாகப் பிழைத்து, சுட்டிக் காட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது.

ஆக ‘தி’யும் ‘தேட்’டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சுட்டும் பலம் ‘தேட்’டிடம் இருக்கிறது, ‘தி’யிடம் அது தேய்ந்துவிட்டது. விரலை நீட்டாமல் ‘உனக்கே தெரியுமே’ என்று தலையசைப்பது மட்டும் ‘தி’. தமிழில் ‘அந்த’ என்று அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ‘தேட்’ எழுதுங்கள். ‘அந்த’வை எடுத்துவிட்டாலும் வாக்கியம் கெடாது என்றால் ‘தி’.

அறிகுறி: ‘தி’ எங்கும் தெளித்திருக்கிறது

முதல் அறிகுறியைத் திருத்தப் போனவர்களுக்கு வருவது இது. ‘தி ரப்பர் இஸ் இம்பார்ட்டன்ட் டு தி மலேசியா.’ இரண்டும் வேண்டாம். ரப்பர் என்ற பொருளைப் பொதுவாகப் பேசுகிறோம், குறிப்பிட்ட ரப்பரை இல்லை. அரிசி, எண்ணெய், பால், அன்பு, கல்வி எல்லாம் இப்படித்தான்: பொதுவாகப் பேசினால் மொட்டையாக நிற்கும். ‘நேற்று நாம் விற்ற ரப்பர்’ என்று வால் ஒட்டினால் உடனே ‘தி’ வந்துவிடும்.

ஆனால் ஒரு மடிப்பு இருக்கிறது, இதைப் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. எண்ணக்கூடிய ஒன்றை இனத்துக்கே பெயராகச் சொல்லும்போது ஒருமையில் ‘தி’ வரும். ‘தி ரப்பர் ட்ரீ கேம் ஃப்ரம் தி அமேசான்.’ இங்கே ஒரு மரத்தைச் சொல்லவில்லை, ரப்பர் மரம் என்ற இனத்தையே சொல்கிறோம். பேராக்கிலேயே இருக்கும் கோலகங்சாருக்குப் போகும்போது ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் ஒன்பது அங்கே நடப்பட்டன, அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அதைப் பற்றி எழுத ஐந்து வாக்கியம் போதும், ‘தி’ வரும் இடமும் வராத இடமும் தெரிந்துவிடும். ரப்பர் பொருளாக வந்தால் ஒன்றும் இல்லை. மரம் இனமாக வந்தால் ‘தி’. முதன்முதல் கண்ணில் பட்டபோது ‘ஆன் ஓல்ட் ட்ரீ’. அப்புறம் அதன் நிழலில் நின்றால் ‘தி ட்ரீ’. நாட்டிலேயே மிகப் பழைய மரங்களில் ஒன்று என்று எழுதினால் ‘ஒன் ஆஃப் தி ஓல்டஸ்ட்’: மிக மூத்தது, மிகப் பெரியது, முதலாவது என்றெல்லாம் சொன்னால் ‘எது?’ என்ற கேள்விக்கே இடமில்லை, அதனால் ‘தி’.

அறிகுறி: முதல் தடவை சொல்லும் பொருளுக்கும் ஆசிரியர் ‘தி’ கேட்கிறார்

‘முதலில் எ, இரண்டாவது தடவை தி’ என்ற விதியைப் பிடித்துக்கொண்டவர்கள் இங்கே குழம்புவார்கள். ‘ஈப்போவுக்கு ஒரு பஸ் பிடித்தேன். டிரைவர் பாட்டுப் போட்டார்.’ டிரைவர் இப்போதுதான் வருகிறார், ஆனாலும் ‘தி டிரைவர்’. பஸ் என்றாலே டிரைவர் கூடவே வந்துவிடுகிறார். கல்யாண வீடு என்று சொல்லிவிட்டால் மாப்பிள்ளைக்கு ‘தி’, வீடு என்று சொல்லிவிட்டால் கூரைக்கு ‘தி’. எத்தனையாவது தடவை என்று எண்ணாதீர்கள், ‘எது?’ என்ற கேள்வியைப் போடுங்கள்.

அறிகுறி: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் என்றால் கை நடுங்குகிறது

‘கோ டு ஸ்கூல்’ என்றால் மாணவனாகப் படிக்கப் போவது. ‘கோ டு தி ஸ்கூல்’ என்றால் அந்தக் கட்டடத்துக்கு, அம்மா ரிப்போர்ட் புத்தகம் வாங்கப் போவது மாதிரி. நம் பரீட்சைகள் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் நோயாளி ‘இன் ஹாஸ்பிடல்’, பார்க்கப் போகிறவர் ‘அட் தி ஹாஸ்பிடல்’. அமெரிக்கர்கள் நோயாளிக்கும் ‘தி’ போடுவார்கள், அதனால் படத்தில் கேட்டதை வைத்து வாதாட வேண்டாம்.

கோயிலுக்கு நியாயம் கொஞ்சம் வளைந்திருக்கிறது. ‘கோ டு சர்ச்’ என்று மொட்டையாக வரும், மசூதிக்கோ ‘தி’ வரும். ஆங்கிலேயர்களுக்குத் தேவாலயம் வாரா வாரம் போகிற பழக்கம், மற்றவை அவர்கள் வெளியிலிருந்து பார்த்த கட்டடங்கள். மொழி அதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. கோயிலுக்கும் ‘தி டெம்பிள்’ என்று எழுதுங்கள், அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

அறிகுறி: ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர், நாட்டுப்பெயர்

பெயரைப் பிரித்துப் பாருங்கள். அது தூய பெயரா, அல்லது ‘ஆறு, தீவுகள், கூட்டமைப்பு, நெடுஞ்சாலை’ மாதிரி ஒரு பொதுச் சொல் உள்ளே இருக்கிறதா? தூய பெயர் என்றால் ‘தி’ வேண்டாம்: பேராக், ஈப்போ, மலேசியா. ஆங்கிலப் பொதுச் சொல் இருந்தால் பெரும்பாலும் வரும்: ‘தி பேராக் ரிவர்’. அதையே மலாயில் ‘சுங்கை பேராக்’ என்று எழுதினால் போய்விடும், ஆங்கிலத்துக்குச் ‘சுங்கை’ என்பது பெயரின் ஒரு துண்டுதான். நம் ஊர்ப் பெயரும் இப்படித்தான். சிப்புட் என்றால் நத்தை, ‘நத்தை ஆறு’ என்று நமக்குப் புரிந்தாலும் ஆங்கில வாக்கியத்தில் ‘தி சுங்கை சிப்புட்’ கிடையாது.

நம் நாட்டின் சரித்திரத்தையே இந்த விதியை வைத்துப் படிக்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்து ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’. 1896-இல் பேராக் உட்பட நான்கு மாநிலங்கள் ‘தி ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ்’. 1948 பிப்ரவரி 1-இல் ‘தி ஃபெடரேஷன் ஆஃப் மலாயா’. குடியிருப்புகள், மாநிலங்கள், கூட்டமைப்பு: எல்லாம் பொதுச் சொற்கள், அதனால் எல்லாவற்றுக்கும் ‘தி’. 1963 செப்டம்பர் 16-இல் ‘மலேசியா’ பிறந்தது, தனிப்பெயர், ‘தி’ போய்விட்டது. உக்ரைனும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ‘தி’யோடு எழுதப்பட்டது. 1991-இல் சுதந்திரம் பெற்ற பிறகு அந்த நாட்டுக்காரர்கள் அதை விரும்பவில்லை, ஒரு வட்டாரத்தின் பெயர் மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் வருத்தம். இன்று நாளிதழ்களில் வெறும் உக்ரைன்தான். ஒரு சின்னச் சொல் நாட்டின் மரியாதையைத் தொடுகிறது என்றால் நான் ஏன் இத்தனை சிவப்பு மை செலவழிக்கிறேன் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று நம் வாசலிலேயே நடந்தது. ‘ஆன் எமர்ஜென்சி’ என்றால் ஏதோ ஓர் அவசரம், வீட்டில் கேஸ் கசிந்தாலும் அதுதான். ‘தி எமர்ஜென்சி’ என்று பெரிய எழுத்தில் எழுதினால், மலாயாவைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதை அடுத்துப் பிரகடனமாகி, 1960 ஜூலை 31 வரை நீடித்த அவசரகாலம். பன்னிரண்டு வருடத்தை ஒரு ‘தி’ தாங்கி நிற்கிறது. பிள்ளைகள் வரலாற்றுக் கட்டுரையில் இதற்கு ‘ஆன்’ போட்டால் நான் விடுவதில்லை. அவர்கள் கொள்ளுப்பாட்டிகள் வாழ்ந்த காலம் அது, ஏதோ ஒன்று இல்லை.

அறிகுறி: ‘தி மை ஹவுஸ்’

‘என்னுடைய அந்தப் பழைய வீடு’ என்று தமிழ் இரண்டையும் ஏற்கும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன் இந்த வகைச் சொல்லுக்கு ஒரே நாற்காலி. மை, யுவர், திஸ், தேட், எவ்ரி, எ, தி: இவற்றில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் இன்னொன்று எழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அறிகுறி: பெயர்ச்சொல்லே இல்லாத இடத்தில் ‘தி’

‘தி மோர் யூ ரீட், தி பெட்டர் யூ ரைட்.’ ஒரு பையன் இதைப் பிழை என்று அடித்துவிட்டு வந்தான். பிழை இல்லை. பழைய சுட்டுச்சொல்லுக்குக் கருவிப் பொருளில் ஒரு வடிவம் இருந்தது, ‘அவ்வளவால்’ என்பது மாதிரி. அதுவும் தேய்ந்து தேய்ந்து ‘தி’ போலவே ஆகிவிட்டது. எவ்வளவுக்கெவ்வளவு படிக்கிறாயோ அவ்வளவுக்கவ்வளவு நன்றாக எழுதுவாய்: தமிழ் சொல்லுகிற அதே கட்டு. இதற்கு மேலே சொன்ன சோதனைகள் எதையும் போட வேண்டாம்.

பழைய கடைப் பலகைகளில் ‘யீ ஓல்டு’ என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் அதுவும் ‘தி’ தான். இந்த ஒலிக்குப் பழைய ஆங்கிலத்தில் தோர்ன் என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அதன் உருவம் ‘ஒய்’ எழுத்தை ஒத்துப்போனது, அச்சுக்காரர்களும் ‘ஒய்’ எழுத்தையே கோத்தார்கள். எழுத்து மாறியதே தவிர, வாசித்தவர்கள் ‘தி’ என்றுதான் வாசித்தார்கள்.

அறிகுறி: எழுத்தில் சரி, வாயில் இடிக்கிறது

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வுக்குத் தனித்தாள் இருப்பதால் இதையும் விட முடியாது. இரண்டு தவறு நடக்கிறது.

ஒன்று, எங்கும் ஒரே மாதிரி ‘தி’ என்பது. மெய்யொலிக்கு முன் வாய் தளர்ந்து ‘த’ என்று வர வேண்டும், உயிரொலிக்கு முன்தான் ‘தி’. த டாப்பர், த பக்கெட். தி எஸ்டேட், தி ஆஃபீஸ். எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள்: ‘யூனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குவதால் ‘த’, ‘அவர்’ என்ற மணி நேரம் உயிரில் தொடங்குவதால் ‘தி’. எ, ஆன் இரண்டுக்கும் இதே காதுதான்.

இரண்டாவது, ‘தண்ணீர்’ என்பதில் வரும் கெட்டித் தகரத்தைப் போடுவது. சிலர் மலாய்ப் பழக்கத்தில் ‘ட’ பக்கம் போய்விடுகிறார்கள். இந்த ஒலிக்காகப் பிள்ளைகளை நாக்கை வெளியே நீட்டச் சொல்லிக் கண்ணாடி முன் நிறுத்த வேண்டியதில்லை. அது ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. ‘அது’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் தகரம் கெட்டியாக இடிக்காது, காற்று கசிந்து வரும். ஏறக்குறைய அதுதான் ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலி. சொல்லின் தொடக்கத்தில் தகரம் கெட்டியாகிவிடுவதால்தான் நமக்குச் சிக்கல். அதனால் முன்னால் ஓர் அகரத்தை வைத்துப் பழகுங்கள்: அத, அத, அத பக்கெட். பிறகு அகரத்தைச் சத்தமில்லாமல் மனசுக்குள் மட்டும் சொல்லி, மீதியை வெளியே விடுங்கள்.

பாட்டியைப் பற்றி எழுதிய பெண் இதை மோட்டாரில் ஏறும் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அது, அது, அத ஸ்டோர், அத பக்கெட். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, “எதுடி?” என்றார்.